இடக்கை முடிச்சு

புதிதாக ஒரு நாற்காலியைக் கண்டால் அதில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் உண்டு. சற்றுத் தள்ளி நின்று அழகு பார்ப்பவர்களும் உண்டு. பின்னலம்மா அதைக் கவிழ்த்துப் பார்ப்பாள். தன் வீட்டு நாற்காலியா, பிறர் வீட்டு நாற்காலியா, மருத்துவரின் அறை வாசலில் கிடப்பதா என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. பின்கால்களைப் பற்றி ஒரே சுழற்று. நாற்காலி தலைகீழாக அவள் மடியில் கிடக்கும். உள்ளங்கையை விரித்து அடிப்பக்கத்து முடிச்சுகளின் மேல் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே வந்த காரியத்தைப் பேசுவாள். ஒருநாள் துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் இப்படிச் செய்துவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மேல்பக்கம் ஊருக்குக் காட்டுவது, கீழ்ப்பக்கம்தான் பின்னியவன் யார் என்று சொல்லும் என்பது அவள் சொன்ன சமாதானம்.

பின்னலம்மா என்பது தெரு வைத்த பெயர். கணவர் நாற்காலித் தச்சர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சன்னலோரம் அவருடைய வேலைமேசை, இழைப்புளி, உளிகள், ரம்பங்கள், காலடியில் சுருள் சுருளாக மரச்சீவல். எதிர்ச் சுவரையொட்டி அவளுடைய முக்காலியும் பிரம்பு ஊறும் அகன்ற தொட்டியும். அவர் மரத்தை அறுத்து இழைத்து, கால்களையும் குறுக்குக் கம்புகளையும் பொருத்தி, இருக்கைச் சட்டத்தைச் சுற்றிலும் துளையிட்டுத் தருவார். நடுவில் ஒன்றுமில்லாமல் நிற்கும் அந்தச் சட்டத்தை அவள் வாங்கிக்கொள்வாள். ஊறிய பிரம்புப் பட்டையைத் துளைக்குத் துளை இழுத்து, முதலில் நேர்வரி, அதன்மேல் குறுக்குவரி, மறுபடி நேர், மறுபடி குறுக்கு, கடைசியாக இரண்டு மூலைவரிகள் என்று ஆறு சுற்றுப் பின்னுவாள். இழுத்த பட்டை நழுவாதிருக்கத் துளையில் சிறு மரமுளையைச் செருகுவாள். பட்டை முடியும் இடத்தில் அடிப்பக்கம் முடிச்சிடுவாள். ஈரத்தில் பின்னியது காயக் காய இறுகும். நன்றாகக் காய்ந்த இருக்கையை விரலால் சுண்டினால் ‘டண்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காத இருக்கை ஓராண்டுக்குள் தொட்டிலாகத் தொங்கிப் போகும்.

அந்த ஆண்டு மழை விடுவதாக இல்லை. துணி காயவில்லை, பசை காயவில்லை, பின்னிய இருக்கைகளும் நாள்கணக்கில் ஈரமாகவே நின்றன. காலையில் தொட்டிக்குள் கை வைத்தால் குளிர் எலும்பு வரை போயிற்று. பின்னலம்மாவின் வலக்கைப் பெருவிரல் மூட்டு முதலில் சிவந்தது, பிறகு வீங்கியது. மழை நின்றால் சரியாகும் என்றாள். மழை நின்று வெயிலும் வந்தது. வீக்கம் அடுத்த விரலுக்குப் போயிற்று. விரல்நுனிகள் மரத்துப் போயின. எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு துணி இருப்பதுபோல் தோன்றியது. மருத்துவர் தைலமும் மாத்திரையும் கொடுத்து, இனிமேல் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்றார். அதைப் போய் மீனிடம் சொல்லுங்கள் என்று பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

ஊறுகாய்ப் புட்டியின் மூடியைத் திறக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ரவிக்கைக் கொக்கியை மாட்ட வெகுநேரம் பிடித்தது. ஆயினும் பின்னுவதை அவள் நிறுத்தவில்லை. முன்பு ஒரு பகலில் முடித்ததை இப்போது இரண்டு மூன்று பகல்களில் முடித்தாள். முடித்ததும் தச்சர் மேசையை விட்டு எழுந்து வருவார். இருக்கையின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பார்.

அந்தச் சொல்லை அவள் அதற்கு முன் அவரிடம் கேட்டதே இல்லை. இத்தனை ஆண்டு வாழ்க்கையில் அவள் வேலையைப் பார்த்து அவர் சொன்னதெல்லாம் ‘ம்’ ஒன்றுதான். அந்த ‘ம்’மின் நீளத்தை வைத்து அவளே மதிப்பெண் போட்டுக்கொள்வாள். வயது ஏற ஏற மனிதர் கனிகிறார் என்று எண்ணி, ஒருநாள் மகளிடம் இதைச் சற்று வெட்கத்தோடு சொல்லவும் செய்தாள். எழுதுபொருள் கடையில் வேலை பார்க்கும் மகள், அவசரமாக எதையோ தேடுபவள் போல உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மழைக்காலம் தொடங்கிய நாள்களில் ஒரு நண்பகல், சலூன்காரர் தலையில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு தூறலில் வந்து சேர்ந்தார். குடைக்குக் குடையுமாயிற்று, வேலைக்கு வேலையுமாயிற்று என்று தம்மைத் தாமே மெச்சிக்கொண்டார். தச்சர் புதிய நாற்காலிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியே போயிருந்தார். முடிவெட்டிக்கொள்ளக் காத்திருந்த ஒரு பெரிய மனிதர் சும்மா இராமல் முன்னும் பின்னும் ஆடியதில் குறுக்குக் கம்பு கழன்றுவிட்டது. ஊஞ்சலுக்கும் நாற்காலிக்கும் வித்தியாசம் தெரியாதவரெல்லாம் ஊரில் பெரிய மனிதராக இருக்கிறார் என்று சலூன்காரர் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு இருக்கையை விரலால் சுண்டினார். ‘டண்’ என்றது.

"கம்புதான் போச்சு அண்ணி. உங்க பின்னல் ஒரு நூல் அசையல பாருங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, முன்னைவிட இப்பதான் நீங்க நல்லாப் பின்றீங்க."

பின்னலம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்ந்த கையோடு நாற்காலியை வாங்கி, வழக்கம்போலக் கவிழ்த்து, உள்ளங்கையை ஓட்டினாள். விரல்நுனிதான் மரத்திருந்தது, உள்ளங்கைக்கு இன்னும் உணர்வு இருந்தது. கை பாதியில் நின்றது. சன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுத்து வந்து குனிந்து பார்த்தாள்.

முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

வலக்கையால் பின்னுகிறவர் முடிச்சிட்டால் பட்டையின் நுனி வலப்பக்கம் படுக்கும். அவள் இட்ட முடிச்சுகள் அனைத்தும் அப்படித்தான். அந்த வட்டாரத்தில் இடப்பக்கம் படுக்க முடிச்சிடுபவர் ஒருவர்தான். பேருந்து நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் குடியிருக்கும் முதியவர். இடக்கையார் என்றே அவரை அழைப்பார்கள்.

அந்த நாற்காலியை அவள் மறக்கவில்லை. கோடையில் பின்னியது. கடைசி மூலைவரியை இழுக்கும்போது வலி பொறுக்காமல் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தாள். அன்றைக்கும் கணவர் நல்லா இருக்கு என்றுதான் சொன்னார்.

சலூன்காரர் மழையைப் பற்றியும், மழையில் யாரும் முடி வெட்டிக்கொள்ள வராததைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். அவள் அவருக்குத் தேநீர் கொடுத்தாள். நாற்காலியை வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள். திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தவள், விளக்கு ஏற்றும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை.

தச்சர் வெறும் வண்டியோடு திரும்பியபோது அறையின் நடுவில் அந்த நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. ஈரத் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார்; தலையைத் துவட்டினார்; அதையே மறுபடியும் துவட்டினார். அவள் சோறும் பருப்பும் வேகவைத்த உருளைக்கிழங்கும் பரிமாறினாள். மகளும் வந்து உட்கார்ந்தாள்.

"இது யார் பின்னினது?" என்று பின்னலம்மா கேட்டாள்.

"சலூன் நாற்காலிதானே. நீதான்."

"என் கைக்கு வலப்பக்கம்தான் திரும்பத் தெரியும்."

தச்சர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்த சோற்றை மீண்டும் பிசைந்தார்.

"இது ஒன்னுதானா?"

"இல்ல."

"எப்பலேர்ந்து?"

"கை வீங்கினதுக்கு அப்புறம் நீ பின்னினது எல்லாம். காயறதுக்கு முன்னாடியே வண்டியில ஏத்திட்டுப் போய் இடக்கையார்கிட்ட இறக்கிடுவேன். அவர் அறுத்துட்டு வேற பின்னித் தருவார்."

"எல்லாமேயா?"

"எல்லாமே."

மகள் இடையில் புகுந்து, அம்மாவின் நல்லதுக்காகத்தான் என்று தொடங்கினாள். பின்னலம்மா அவள் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது; மகள் தட்டைப் பார்த்ததில் பதில் இருந்தது.

"சொன்னா நீ உடைஞ்சு போயிடுவேன்னு நினைச்சேன்" என்றார் தச்சர்.

"உடைஞ்சு போறதுக்கு நான் என்ன நீங்க செஞ்ச நாற்காலியா?"

வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். தச்சர் கையைக் கழுவ எழுந்தார். அவள் உட்காரச் சொன்னாள். ஒரு கதை சொல்லப் போவதாகவும் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம் என்றும் சொன்னாள். குரல் உயரவில்லை. சிறு வயதில் மகளை உறங்க வைத்த அதே குரல்தான்.

"ஒரு குடியானவன்கிட்ட ஒரு கிழட்டு எருது இருந்துச்சு. அதுக்குத் தோள் புண்ணாயிடுச்சு. அதை வீட்டுல நிறுத்திட்டுப் போகவும் அவனுக்கு மனசு வரல. பூட்டி ஓட்டவும் மனசு வரல. என்ன செஞ்சான்? வெறும் நுகத்தை அது கழுத்துல மாட்டி, ஏரைக் கோக்காமலே வயலைச் சுத்தி ஓட்டிட்டு வந்தான். சாயங்காலம் முதுகுல தட்டி, இன்னிக்கு நீ நல்லா உழுதேன்னு சொல்லுவான். அது தூங்கினதுக்கு அப்புறம் பக்கத்து வீட்டு எருதைக் கொண்டுவந்து உழுதுக்குவான். கிழட்டு எருதுக்கு ஒரே சந்தோஷம். வயசாக வயசாக நமக்குப் பாரமே தெரியலையே, உடம்பு தேறிடுச்சுபோலன்னு நினைச்சுக்கிச்சு. ஒருநாள் வயல் ஓரத்துல தற்செயலாத் திரும்பிப் பார்த்துச்சு. பின்னாடி மண்ணு கீறாமக் கிடக்கு. உழுத கோடே இல்ல."

அவள் நிறுத்தினாள். மகள்தான் கேட்டாள், பிறகு எருது என்ன செய்தது என்று.

"அது என்ன செய்யும். மாடுதானே. மறுநாள் அவன் நுகத்தைத் தூக்கிட்டு வந்தப்போ, எழுந்திருக்கல."

மறுநாள் அவளும் தொட்டியருகே போகவில்லை. ஊறிக் கிடந்த பிரம்பை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். தண்ணீரைத் தெருவில் கொட்டினாள். தொட்டியைத் துடைத்துச் சுவரில் சாய்த்தாள். முளைகளையும் ஊசியையும் ஒரு பழைய துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

அதன்பின் வந்த நாள்கள் மிக மெதுவாக நகர்ந்தன. அவள் சமைத்தாள், பெருக்கினாள், துவைத்தாள். வேலை முடிந்தபின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தாள். கணவரிடம் உப்பைப் பற்றிப் பேசினாள், ஒழுகும் கூரையைப் பற்றிப் பேசினாள், மற்றது பேசவில்லை. தச்சரோ பழக்கத்தின் வேகத்தில் சட்டங்களைச் செய்துகொண்டே போனார். பின்னப்படாத நாற்காலிகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக, வாய் பிளந்து நின்றன. அவற்றை இடக்கையாரிடம் கொண்டுபோகலாம்; ஆனால் வெளிப்படையாகக் கொண்டுபோவது, இந்த வீட்டில் இனிப் பின்னல் இல்லை என்று தாமே சொல்வதாகும். கொண்டுபோகாவிட்டாலோ வேலை நின்று கிடந்தது. நாற்காலி கேட்டு வருகிறவர்களிடம் அவள், "அவர்கிட்டயே கேளுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் என்ன சொல்வதென்று தெரியாமல், இழைத்து முடித்த காலையே எடுத்து மறுபடியும் இழைத்தார்.

அவருக்குத் தெரிந்த வழிகளிலெல்லாம் அவர் இறங்கி வந்து பார்த்தார். புதிய தைலம் வாங்கி வந்தார். விடியற்காலையில் எழுந்து அவள் கைக்கு வெந்நீர் வைத்தார். பானையை அவள் தூக்குவதற்கு முன் தாமே தூக்கினார். அவள் எதையும் தட்டவில்லை. எதற்கும் முகம் மலரவுமில்லை. ஒருநாள் கிணற்றடியில் துணி அலசும்போது மகள் அம்மாவிடம், அப்பாதான் இவ்வளவு இறங்கி வருகிறாரே, இன்னும் என்ன வீம்பு என்று கேட்டாள்.

"வீம்பு இல்லடி. அவர் மேல கோபம்கூட ஆறிப்போச்சு." பின்னலம்மா ஈரச் சேலையின் ஒரு முனையை மகளிடம் கொடுத்தாள், பிழிய அவளால் முடியவில்லை. "என் விரலுக்கு உணர்வு போயிடுச்சு. பட்டை இறுகுச்சா, தொங்குதான்னு எனக்குத் தெரியறதில்ல. அவர் அழுத்திப் பார்த்துச் சொல்றதைத்தான் நம்பிக்கிட்டிருந்தேன். இனிமே நான் ஒன்னு பின்னி, அவர் நல்லா இருக்குன்னு சொன்னா, நான் எதை நம்பிப் பின்னுவேன் சொல்லு. குருடன் கையில இருந்த குச்சியே பொய் சொல்லிடுச்சு."

மகள் சேலையை முறுக்கிப் பிழிந்தாள்.

மழை சற்று ஓய்ந்த ஒரு பிற்பகலில், பின்னலம்மா யாரிடமும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு இடக்கையார் வீட்டுக்குப் போனாள். தகரக் கூரை போட்ட கொட்டில். அவள் உள்ளே நுழைவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டாள். வாசலில் இருந்த நாற்றுத் தொட்டிகளின் மேல், கோழி கிளறாமல் இருக்க, வட்டமாகவும் சதுரமாகவும் அறுத்தெடுத்த இருக்கைப் பின்னல்களை வைத்து மூடியிருந்தார்கள். இன்னொன்று சன்னலில் கம்பிக்குப் பதிலாக நின்றது. மற்றொன்றின் மேல் துவைக்கும் சோப்புத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. எதையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

இடக்கையார் பதறி எழுந்தார். அவர் மனைவி வெளியே ஓடி வந்து, நாற்றுத் தொட்டிகளின் மேல் இருந்தவற்றை எடுக்கப் போனாள். பின்னலம்மா அவள் கையைப் பிடித்து, இருக்கட்டும், கோழிக்காவது அது பயன்படுகிறதே என்றாள். பிறகு மூவரும் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கோழியைப் பற்றியே பேசினார்கள்.

"தூக்கிப் போட மனசு வரல தங்கச்சி" என்று கடைசியில் இடக்கையார் சொன்னார். "முதல் நாளே உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவகிட்ட சொல்லிடுன்னு. நாளைக்குச் சொல்றேன்னார். அந்த நாளை வரவே இல்ல."

"நீங்க வந்து சொல்லியிருக்கலாமே அண்ணே."

"நான் உன் வாசல்ல வந்து நின்னு, உன் வேலை சரியில்லன்னு சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப?"

பின்னலம்மா யோசித்தாள். "பொறாமை பிடிச்ச கிழவன்னு சொல்லியிருப்பேன்."

மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்ந்ததும் இடக்கையார் தம் இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கும் நல்லா இல்ல. சலூன்ல உட்கார்ந்திருப்பேன். அந்த ஆளு நாற்காலியைத் தட்டித் தட்டி, பின்னலம்மா மாதிரி வருமான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவான். நான் பின்னினது. நான் அது மேலயே உட்கார்ந்துக்கிட்டுக் கேட்கிறேன். கத்தியைக் கழுத்துல வச்சுக்கிட்டு நம்ம வேலைக்கு நம்மகிட்டயே இன்னொருத்தரைப் புகழ்ந்தா எப்படி இருக்கும்?"

அவள் சன்னலில் நின்ற பின்னலை எடுத்துத் தரச் சொன்னாள். மடியில் வைத்துக்கொண்டு, இது எங்கே கெட்டது என்று கேட்டாள். இடக்கையார் தயங்கினார். அவள் மீண்டும் கேட்டாள்.

"அஞ்சு சுத்து வரைக்கும் குறையே இல்ல" என்று அவர் பட்டையின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். "பின்னலோட கண்ணு எல்லாம் ஒரே அளவு. நானே இப்படிப் பின்னமாட்டேன். ஆறாவதுலதான் போகுது. அதைத்தான் பலமா இழுக்கணும். கை ஏமாத்துது. அந்த ஒன்னு தளர்ந்ததும் மத்த அஞ்சும் கூடவே தளருது."

"இதை யாராவது அப்பவே சொல்லியிருந்தா."

"சொல்லியிருக்கணும்" என்றார் இடக்கையார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவள் தச்சரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். சலூன் நாற்காலியைச் சரிசெய்து கொடுக்கும்போது, அதைப் பின்னியது யார் என்று அங்கே சொல்லிவிட்டு வர வேண்டும். சலூனில் மட்டுமல்ல, இடக்கையார் பின்னிய நாற்காலி போன வீடு ஒவ்வொன்றிலும் சொல்ல வேண்டும். தச்சர் குறுக்குக் கம்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவளுக்கு முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்று மெதுவாகக் கேட்டார்.

"முடியலைன்னு சொல்லுங்க. அது உண்மைதானே. அடுத்தவர் வேலையை என் வேலைன்னு சொன்னதுதான் எனக்கு அவமானம். முடியாதது அவமானம் இல்ல."

அவர் போனார். சலூனில் மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து கூட்டமாக இருந்தது. நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார்: இதைப் பின்னியது என் மனைவி இல்லை, இடக்கையார், மறைத்தது நான், அவளுக்கே தெரியாது. கத்தரியின் ஒலி நின்றது. பாதி முடி வெட்டிய தலையோடு ஒருவர் திரும்பிப் பார்த்தார். சலூன்காரர் சுதாரித்துக்கொண்டு, தமக்கு அப்போதே சந்தேகம்தான் என்று சொல்லப் போக, முன்னைவிட நல்லாப் பின்றாங்கன்னு நேற்றுவரை சொன்னது யார் என்று ஒருவர் கேட்டு வைத்தார். சிரிப்பு எழுந்தது. தச்சரும் சிரிக்க முயன்றார். முகம் இடம் கொடுக்கவில்லை.

சலூனோடு முடிந்துவிடவில்லை. மழைநீர் தேங்கிய தெருக்களில் அவர் வீடு வீடாக நடந்தார். சிலர் அதனால் என்ன என்றார்கள். சிலர் அவரை உள்ளே அழைத்து, நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். ஒரு வீட்டு அம்மாள், அப்படியானால் இது நல்ல நாற்காலியா, கெட்ட நாற்காலியா என்று பயந்துபோய்க் கேட்டாள். நாற்காலி நல்லது, அதைக் கொண்டுவந்தவன்தான் கெட்டவன் என்று அவர் பதில் சொன்னார். சில வீடுகளில் வாசலிலேயே சொல்லிவிட்டு, பதிலுக்கு நில்லாமல் திரும்பினார். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று எண்ணியிருந்தார்; கடைசி வீட்டிலும் முதல் வீட்டைப் போலவே பாதியில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். இருட்டுவதற்கு முன் முழங்கால் வரை சேற்றோடு வீடு வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பின்னலம்மா கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லா வீட்டிலும் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். அவள் அருகில் உட்கார்ந்துகொண்டாள். மகள் ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

சில நாள்கள் கழித்து, ஒரு காலையில், அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தத் துணிப்பொட்டலத்தை எடுத்துத் தரும்படி பின்னலம்மா கேட்டாள். தொட்டி மறுபடியும் நிறைந்தது. இம்முறை தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. சுவரோரம் கிடந்த சட்டங்களுள் சிறியதாக ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நேர்வரி, குறுக்குவரி, மறுபடி நேர், மறுபடி குறுக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் பாதிப் பகல் போயிற்று. இடையிடையே கையைத் துடைத்துத் தைலம் தடவிக்கொண்டு, கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். மேசையருகே இழைப்புளி அவள் ஓயும்போதெல்லாம் ஓய்ந்தது. அவள் தொடங்கினால் தொடங்கியது.

ஆறாவது சுற்று முடிந்தபோது மூன்றாம் நாள் பிற்பகல் ஆகியிருந்தது. அவள் ஊசியை வைத்துவிட்டு அவரைக் கூப்பிடவில்லை. அவரே வந்தார். குனிந்து, இருக்கையின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

இன்னொரு முறை அழுத்தினார். அவள் தம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அந்த வேலைக்குப் பின்னால் இருந்த வலி முழுவதையும் இத்தனை பகல்களும் அதே அறையில் இருந்து பார்த்தவர் அவர்.

"இல்லம்மா" என்றார். "தொங்குது."

"எங்க?"

"இந்த மூலையில." அவர் விரலை வரியின் மேல் ஓட்டினார். "இங்க ஆரம்பிச்சு, இந்த வரி முழுக்க. காய்ஞ்சாலும் நிக்காது."

அவள் நெடுமூச்சு விட்டாள். வருத்தமா, ஆறுதலா என்று பிரித்துச் சொல்ல முடியாத மூச்சு. பிறகு, அந்த வரியை உருவிவிட்டு, தான் மேலே பிடித்துக்கொள்வதாகவும் அவர் அடியில் உட்கார்ந்து பட்டையை இழுக்க வேண்டும் என்றும் சொன்னாள். தச்சர் ஈரத்தரையில் உட்கார்ந்தார். அவள் மேலிருந்து பட்டையைத் துளைக்குள் நுழைத்துக் கொடுத்தாள். அவர் கீழிருந்து வாங்கி இழுத்தார். முதல் இழுப்பிலேயே பட்டை ‘பட்’டென்று அறுந்தது.

"மரத்துல ஆணி பிடுங்கறீங்களா? இது பிரம்பு. கன்னுக்குட்டியைக் கயித்துல கூட்டிட்டு வர்ற மாதிரி இழுங்க."

அவர் வேறு பட்டையை ஊறவைத்தார். கன்றுக்குட்டி வந்தது, வழியில் நின்றது, மறுபடியும் வந்தது. தண்ணீர் அவர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. கழுத்தும் இடுப்பும் வலித்தன. அவள் விரல்களும் வலித்தன. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இளைப்பாறினார்கள்.

மூலைவரி ஒருவாறு மறுகோடி போய்ச் சேர்ந்தது. அவர் ஈரத்தரையிலிருந்து சிரமப்பட்டு எழுந்து, மறுபடியும் உள்ளங்கையை வைத்தார். முன்னைக்கு இப்போது பரவாயில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிடலாம். வெளிச்சமும் மங்கிக்கொண்டிருந்தது, அவள் கண்களும் களைத்திருந்தன.

"இன்னும் இறுகல" என்றார்.

"நிஜமாத்தானே?"

"நிஜமா."

"அப்ப அவிழ்க்கலாம்" என்றாள் பின்னலம்மா.

தச்சர் மீண்டும் தரையில் உட்கார்ந்தார். அவள் மேலிருந்து முளைகளைத் தளர்த்தத் தொடங்கினாள். அவர் கீழிருந்து, பட்டை அறுந்துவிடாதபடி, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்.